ஆய்வுப் புலமைப்பரிசிலுக்கு விண்ணப்பிக்க முன்: வன்னியில் இருந்து வெளிக்கிடுகிறவர்களுக்கு

கிளிநொச்சி அறிவியல்நகரிலும் வவுனியா பம்பைமடுவிலும் பல்கலைக்கழக இறுதியாண்டு படிக்கிற பிள்ளைகள் கேட்கிற முதற் கேள்வி பெரும்பாலும் "எந்த ஸ்கொலர்ஷிப் எடுக்க இலேசு?" என்பதுதான். இலேசானது ஒன்றும் இல்லை. ஆனால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரியான ஆளைத் தேடுகிறது. அந்த ஆள் நாங்கள்தானா என்று பார்க்காமல் ஒரே கட்டுரையை ஐந்தாறு இடத்துக்கு அனுப்புவதில் கனபேரின் ஒரு வருடம் வீணாகப் போகிறது.

பிரித்தானியாவின் செவனிங், ஒரு வருட முதுமாணிக்கு மட்டும். கலாநிதிப் பட்டத்துக்கு அது இல்லை. ஆய்வாளரை விட, நாளைக்குத் தன் துறையில் முடிவெடுக்கிற இடத்தில் இருக்கக்கூடியவரைத்தான் அது தேடுகிறது. 2,800 மணித்தியால வேலை அனுபவம் கேட்பார்கள். வாரத்துக்கு 35 மணித்தியாலம், வருடத்துக்கு 40 வாரம் என்று பெருக்கினால் இரண்டு வருடம் வரும். பகுதிநேர வேலை, சம்பளமில்லாத தொண்டு வேலை, உள்ளகப் பயிற்சி எல்லாவற்றையும் கூட்டலாம். பட்டம் பெற முன்னர் செய்த வேலை சேருமா என்பதை அந்தந்த வருட விதியில் பாருங்கள். வயதெல்லை இல்லை, படிப்பு முடிந்ததும் இரண்டு வருடம் நாட்டில் இருக்கவேண்டும்.

பிரித்தானியாவின் இன்னொன்றான கொமன்வெல்த் புலமைப்பரிசில் பார்ப்பது கல்வித் தகுதி, படிக்கப்போகிற திட்டத்தின் தரம், அதனால் நாட்டின் அபிவிருத்திக்கு வரக்கூடிய பலன் ஆகிய மூன்றையும். நாட்டின் நியமன அமைப்பு வழியாகப் போகும்போது அந்த அமைப்புக்கும் தனி விண்ணப்பமும் தனி முடிவுத் திகதியும் இருக்கும். பிரித்தானிய இணையத்தளத்துத் திகதியை மட்டும் குறித்துவைத்திருப்பவர் இங்கே உள்ள திகதியைத் தவறவிடுவார்.

ஜேர்மனியின் டாட் அமைப்பு நடத்துகிற ஈபோஸ் திட்டம், அபிவிருத்தியோடு தொடர்புடைய பாடநெறிகளுக்கானது. இரண்டு வருட வேலை அனுபவம் வேண்டும். கடைசிப் பட்டம் ஆறு வருடத்துக்கு மேல் பழையதாக இருக்கக்கூடாது. மூன்று பாடநெறி வரை தெரிவுசெய்யலாம். விண்ணப்பம் பெரும்பாலும் பாடநெறி நடத்துகிற பல்கலைக்கழகத்துக்கே நேரடியாகப் போகும். யூரோபாஸ் என்ற ஐரோப்பியப் பொது வடிவிலான சுயவிபரமும் நோக்கக் கடிதமும் கையொப்பமிட்டு இருக்கவேண்டும். கையொப்பம் இல்லாமல் அனுப்பிவிட்டு ஏன் பதில் வரவில்லை என்று யோசிப்பவர்கள் உண்டு.

யப்பான் அரசின் மெக்ஸ்ட் புலமைப்பரிசிலில் தூதரக வழி, பல்கலைக்கழக வழி என்று இரண்டு. தூதரக வழியில் 35 வயதுக்குட்பட்டவராக இருக்கவேண்டும். எழுத்துப் பரீட்சையில் ஆங்கிலமும் யப்பான் மொழியும் வரும். யப்பான் மொழி தெரியாதவரும் அந்தத் தாளுக்கு இருக்கத்தான் வேண்டும். ஆனால் ஆளைத் தெரிவதில் முக்கியமானது ஆய்வுத் திட்டப் படிவம். முதற்கட்டத் தெரிவில் தேறிய பிறகு நீங்களே பேராசிரியர்களுக்கு எழுதித் தற்காலிக ஏற்புக் கடிதம் எடுக்கவேண்டும், அதற்குக் கிடைக்கிற காலம் குறுகியது. ஆகவே பேராசிரியரை விண்ணப்பிக்கும்போதே தெரிந்து வைத்திருக்கவேண்டும்.

எராஸ்மஸ் முண்டுஸ் கூட்டு முதுமாணிக்கு மாதம் 1,400 யூரோ, ஆகக்கூடியது 24 மாதம். பெரிய தொகை போலத் தெரியும். ஆனால் விமானச் சீட்டும் விசாச் செலவும் அதற்குள்ளேதான். முதற் பணம் அங்கே போன பிறகுதான் வரும் என்பதால் புறப்படுகிற செலவுக்குக் கையில் காசு வேண்டும். ஒவ்வொரு பல்கலைக்கழகக் கூட்டமைப்புக்கும் தனி விண்ணப்பம், தனி முடிவுத் திகதி. பெரும்பாலானவை மார்கழிக்கும் மாசிக்கும் இடையில் முடிந்துவிடும்.

அமெரிக்கக் கலாநிதிப் படிப்புக்கு அநேகமாகப் புலமைப்பரிசில் என்று தனியாகத் தேடத் தேவையில்லை. அனுமதி கிடைத்தால் கற்பித்தல் உதவியாளர் அல்லது ஆய்வு உதவியாளர் பதவியோடு கட்டணமும் மாதப் பணமும் சேர்ந்து வரும். கொழும்பில் ஃபுல்பிரைட் ஆணைக்குழு வழியாக முதுமாணிக்குப் போகிறவர்கள் ஜே-1 விசாவில் போவார்கள், முடித்தபின் இரண்டு வருடம் நாட்டில் இருக்கவேண்டும். விஞ்ஞான, தொழினுட்பத் துறைகளில் கலாநிதிப் படிப்புக்குப் போகிற பெண்கள் ஷ்லம்பெர்ஜே நிறுவனத்தின் 'எதிர்காலத்துக்கான ஆசிரியர்' ஆய்வுதவியைக் கட்டாயம் பார்க்கவேண்டும். எங்கள் பக்கத்தில் அதைப் பற்றித் தெரிந்தவர்கள் குறைவு.

வெளிநாடுதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறவர்கள் உள்ளூர் வழியைக் கவனிப்பதில்லை. தேசிய ஆராய்ச்சிப் பேரவை, தேசிய விஞ்ஞான மன்றம் போன்றவற்றின் ஆய்வு நிதி பெற்ற விரிவுரையாளர், ஆய்வு உதவியாளர் ஒருவரை எடுத்து அதே வேலையில் தத்துவமாணிக்குப் பதிவுசெய்யவிடுவது வழமை. பணம் குறைவுதான். ஆனால் இரண்டு வருட ஆய்வு அனுபவமும் ஒரு கட்டுரையும் கையில் இருக்கிறவருக்கும், பட்டம் மட்டும் உள்ளவருக்கும் பிறகு வருகிற விண்ணப்பத்தில் உள்ள வித்தியாசம் பெரியது. என்னைக் கேட்டால், ஜீபிஏ (பட்டத்தின் சராசரிப் புள்ளி) கொஞ்சம் குறைந்தவர்களுக்கு இதுதான் சரியான வாசல்.

பட்டமும் புள்ளியும்

நாலு வருடச் சிறப்புப் பட்டம் இலங்கைத் தகைமைகள் சட்டகத்தில் 6ஆம் மட்டம். மூன்று வருடப் பொதுப் பட்டம் 5ஆம் மட்டம். முன்னையது 120 கிரெடிட், பின்னையது 90. இங்கே ஒரு சிக்கல். ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் முதுமாணிக்கு 180 ஐரோப்பியக் கிரெடிட் கேட்கும். சான்றிதழில் 90 என்று கண்டதும் பாதிதான் இருக்கிறது என்று எடுத்து விலக்கிவிடுகிற அலுவலர் இருக்கிறார். எங்கள் ஒரு கிரெடிட் என்பது 50 மணித்தியாலக் கற்றல். அங்கே ஒன்று 25 முதல் 30 மணித்தியாலம். 90 ஐ 50 ஆல் பெருக்கினால் 4,500 மணித்தியாலம், அதை 25 ஆல் பிரித்தால் 180. இந்தக் கணக்கை விளக்கிப் பல்கலைக்கழகப் பதிவாளரிடம் அல்லது பீடாதிபதியிடம் ஒரு பக்கக் கடிதம் எடுத்து ட்ரான்ஸ்கிரிப்டோடு இணையுங்கள். அமெரிக்காவில் மூன்று வருடப் பட்டத்தைப் பல இடங்கள் நேரடியாக ஏற்காது. அதற்குக் கடிதம் உதவாது, மேலதிகமாக ஒரு முதுமாணி வேண்டும்.

ஜேர்மனியில் புள்ளி தலைகீழ்: 1 சிறந்தது, 4 கடைசிச் சித்தி. மாற்றுகிற வாய்பாடு இதுதான்: ஆகக்கூடிய புள்ளியில் இருந்து உங்கள் புள்ளியைக் கழித்து, அதை ஆகக்கூடிய புள்ளிக்கும் சித்திப் புள்ளிக்கும் இடையிலான வித்தியாசத்தால் பிரித்து, 3 ஆல் பெருக்கி, 1 ஐக் கூட்டவேண்டும். ஜீபிஏ 3.40 என்றால் 4.00 இல் இருந்து கழிக்க 0.60, சித்திப் புள்ளி 2.00 என்பதால் 2 ஆல் பிரிக்க 0.30, மூன்றால் பெருக்கி ஒன்றைக் கூட்ட 1.9. 2.5 வரை ஏற்கிற பாடநெறிகள் பல இருப்பதால், இரண்டாம் வகுப்புக் கீழ்ப்பிரிவில் 3.00 எடுத்தவரும் சரியாக 2.5 இல் நிற்பார். தரம் குறைவு என்று தாங்களே முடிவுகட்டி விண்ணப்பிக்காமல் விடுகிறவர்கள் முதலில் இந்தக் கணக்கைச் செய்து பார்க்கட்டும்.

வவுனியா வளாகம் 2021 இல்தான் தனிப் பல்கலைக்கழகமானது. அதற்கு முன் அங்கே படித்தவரின் சான்றிதழ் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பெயரில் இருக்கும். படிவத்தில் சான்றிதழில் உள்ள பெயரையே எழுதவேண்டும். இன்றைய பெயரை எழுதினால் சரிபார்க்கும்போது பொருந்தாது. கிளிநொச்சியில் உள்ள விவசாய, பொறியியல், தொழினுட்ப பீடங்களில் படித்தவர்களுக்கும் பல்கலைக்கழகம் யாழ்ப்பாணம்தான். கிளிநொச்சி என்பது இடத்தின் பெயர்.

பெயரும் பத்திரங்களும்

எங்கள் பெயர்கள் வெளிநாட்டுப் படிவங்களுக்குள் அடங்காதவை. பிறப்புச் சான்றிதழில் தமிழில் ஒரு மாதிரி, அடையாள அட்டையில் ஆங்கில எழுத்து இன்னொரு மாதிரி, பட்டச் சான்றிதழில் முதலெழுத்தோடு, கடவுச்சீட்டில் தகப்பனின் பெயர் குடும்பப் பெயராக. பார்க்கிறவருக்கு நாலு பேர் போலத் தெரியும். எல்லாப் படிவத்திலும் கடவுச்சீட்டில் உள்ளபடியே எழுதுங்கள். மற்றப் பத்திரங்களில் வேறுபாடு இருந்தால், எல்லாம் ஒரே ஆளைத்தான் குறிக்கின்றன என்று சமாதான நீதவான் அல்லது சத்தியப் பிரமாண ஆணையாளர் முன்னிலையில் ஆங்கிலத்தில் ஒரு சத்தியக் கடதாசி முடித்து வைத்துக்கொள்ளுங்கள். பரிந்துரைக் கடிதம் தருகிற விரிவுரையாளருக்கும் இந்தப் பெயரைக் கொடுங்கள். வகுப்பில் கூப்பிடுகிற பெயரை அவர் எழுதிவிட்டால் கடிதம் யாருடையது என்ற கேள்வி வரும்.

இடப்பெயர்வில் பத்திரங்களை இழந்த குடும்பங்கள் இங்கே ஏராளம். பிறப்புச் சான்றிதழின் பிரதி பிரதேச செயலகப் பதிவாளர் பிரிவில் எடுக்கலாம். சாதாரண தர, உயர்தரப் பெறுபேற்றைப் பரீட்சைத் திணைக்களத்திடம் இணையத்தில் விண்ணப்பித்து ஆங்கிலத்திலேயே எடுக்கலாம். பதிவேட்டிலேயே பதிவு இல்லாவிட்டால் மாதக்கணக்கில் இழுபடும். அதை விண்ணப்ப வருடத்துக்கு முதல் வருடமே தொடங்கவேண்டும். தமிழ்ப் பத்திரங்களுக்குச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரின் ஆங்கிலப் பிரதி வேண்டும். மூலமும் மொழிபெயர்ப்பும் ஒரே பிடிஎஃப் கோப்பில், முன்னும் பின்னுமாக.

கடவுச்சீட்டுக்கு வவுனியாவில் குடிவரவுத் திணைக்களத்தின் பிராந்திய அலுவலகம் இருக்கிறது. சில படிவங்கள் விண்ணப்பிக்கும்போதே கடவுச்சீட்டு இலக்கம் கேட்கும் என்பதால் கிடைத்த பிறகு எடுப்போம் என்று விடாதீர்கள்.

ஸ்கான் செய்வது சின்ன விடயம்தான், ஆனால் கொமினிக்கேசன் கடையில் கொடுத்தால் கறுப்பு வெள்ளையில், சரிந்து, மூலையில் விரல் தெரிய வரும். நிறத்தில், 300 புள்ளி அடர்த்தியில், பக்கம் நேராக. கோப்பு 2 மெகாபைட்டுக்கு மேல் போனால் பல தளங்கள் ஏற்காது. அப்போது 200 க்குக் குறைக்கலாம், அதற்குக் கீழே முத்திரை வாசிக்க ஏலாது.

ஐ.ஈ.எல்.ரி.எஸ். ஆங்கிலப் பரீட்சையின் பெறுபேறு இரண்டு வருடம் செல்லும். பொதுவாகக் கேட்பது 6.5, எந்தப் பிரிவும் 6.0 க்குக் குறையாமல். மொத்தப் புள்ளி 7 வந்தும் எழுத்தில் 5.5 வந்ததால் விலக்கப்படுவது அடிக்கடி நடப்பது, ஆகவே பயிற்சியை எழுத்தில் வையுங்கள். ஆடியில் எழுதினால் இரண்டு இலையுதிர்கால விண்ணப்பச் சுற்றுக்குப் பயன்படும். ஆனால் சில பாடநெறிகள் படிப்புத் தொடங்குகிற நாளில் பெறுபேறு செல்லுபடியாக இருக்கவேண்டும் என்கின்றன. அப்படியானால் இரண்டாவது சுற்றுக்கு அது காலாவதி. யாழ்ப்பாணத்திலும் பரீட்சை எழுதலாம், கொழும்புக்குப் போகத் தேவையில்லை. பட்டப் படிப்பு ஆங்கில மொழிமூலம் என்ற பல்கலைக்கழகக் கடிதத்தைச் சில இடங்கள் ஏற்கின்றன. அந்தக் கடிதத்தையும் எடுத்து வைக்கலாம், செலவு இல்லை.

மேற்பார்வையாளருக்கு எழுதுவது

கலாநிதிப் படிப்புக்கும் டாட் ஆய்வுதவிக்கும் மெக்ஸ்டுக்கும் அங்கே உங்களை ஏற்கிற பேராசிரியர் வேண்டும். முதல் மின்னஞ்சல் 200 சொல்லுக்குள். நீங்கள் யார், எந்தப் பட்டம், இறுதியாண்டு ஆய்வில் எதை எந்த முறையால் அளந்தீர்கள், அவருடைய எந்தக் கட்டுரையில் எந்த இடம் உங்கள் கேள்வியோடு தொடுகிறது, எந்தப் புலமைப்பரிசிலுக்கு எந்தத் திகதிக்குள் விண்ணப்பிக்கப்போகிறீர்கள். இரண்டு பக்கச் சுயவிபரம் இணைப்பு. முழு முன்மொழிவை முதல் மடலிலேயே அனுப்பவேண்டாம். அரைப் பக்கச் சுருக்கம் போதும்.

"உங்கள் புகழ்பெற்ற ஆய்வுகளைக் கண்டு வியந்தேன்" என்று தொடங்குகிற மடலை எவரும் மேலே வாசிப்பதில்லை. ஒரே மடலை நாற்பது பேருக்கு அனுப்பினால் பிடிபடும். ஒரே துறையில் இரண்டு பேருக்கு அனுப்பினாலும் அவர்கள் தேநீர் நேரத்தில் பேசிக்கொள்வார்கள். பதில் வராவிட்டால் இரண்டு கிழமை கழித்து ஒரு தரம் ஞாபகப்படுத்தலாம், அதற்கு மேல் வேறு ஆளைப் பார்க்கவேண்டும். புரட்டாதிக்கு முன் எழுதத் தொடங்குவது நல்லது. கார்த்திகையில் எல்லாரும் எழுதுவார்கள்.

முன்மொழிவு

விண்ணப்பம் வெல்வதும் தோற்பதும் பெரும்பாலும் இங்கேதான். வன்னியில் இருந்து வருகிற முன்மொழிவுகளில் காண்கிற பெரிய குறை, தலைப்பு மாவட்டம் அளவுக்கு அகலமாக இருப்பது. "வன்னியில் நீர்ப் பற்றாக்குறையும் விவசாயிகளின் வாழ்வாதாரமும்" என்பது ஒரு அமைச்சின் வேலை, மூன்று வருடத்தில் ஒரு மாணவர் செய்கிற ஆய்வு இல்லை. அதையே இறுக்கிப் பார்ப்போம்: கனகராயன் ஆற்றுப் படுகையில் உள்ள சிறு குளங்கள், காலபோகம் (மாரிச் செய்கை) முடியும்போது சிறுபோகத்துக்கு (கோடைச் செய்கை) எவ்வளவு நீரை மிச்சம் வைக்கின்றன, அதைச் செய்மதிப் படத்தில் இருந்து நம்பகமாக அளக்கலாமா? இப்போது கேள்விக்கு எல்லை இருக்கிறது, ஆம் அல்லது இல்லை என்று விடை வரக்கூடியதாகவும் இருக்கிறது.

அடுத்தது முறை. மதிப்பீட்டாளர் இங்கேதான் நின்று வாசிப்பார். சென்டினல்-2 செய்மதிப் படத்தின் ஒரு புள்ளி (பிக்சல்) 10 மீற்றர், லான்ட்சாட்டின் புள்ளி 30 மீற்றர். 5 ஹெக்ரயர் பரப்புள்ள ஒரு குளம் முன்னையதில் 500 புள்ளி, பின்னையதில் ஏறத்தாழ 55. சிறு குளத்துக்கு எது வேண்டும் என்று இந்த இரண்டு வரியிலேயே நிறுவிவிடலாம். ஆனால் சென்டினல்-2 முகிலுக்குள் பார்க்காது. கார்த்திகை, மார்கழியில் குளம் நிரம்புகிற நேரம் வானம் மூடித்தான் இருக்கும். அந்த இடைவெளிக்கு ரேடார் செய்மதியான சென்டினல்-1. தாமரையும் ஆகாயத்தாமரையும் மூடிய நீர்ப்பரப்பைப் படம் தரை என்று காட்டும், அதை எப்படித் திருத்துவீர்கள்? பரப்பைக் கொண்டு கனவளவு சொல்ல வேண்டுமானால் குளத்தின் அடித்தரை வடிவம் வேண்டும்; அதை ஆவணி, புரட்டாதியில் குளம் வற்றியிருக்கும்போது மட்டமெடுத்து அளப்பதுதான் மலிவானது. இப்படி எது பிழையாகப் போகும், போனால் மாற்று என்ன என்று எழுதுகிறவருக்கு ஆய்வு விளங்கியிருக்கிறது என்று வாசிக்கிறவருக்குத் தெரியும். "நவீன தொலையுணர்வு முறைகள் பயன்படுத்தப்படும்" என்று எழுதினால் ஒன்றும் தெரியாது.

கால அட்டவணையிலும் போகங்கள் வரவேண்டும். ஐரோப்பாவில் ஐப்பசியில் பதிவுசெய்கிறவர் அந்த வருடக் காலபோகத்தை இழந்துவிடுவார், அங்கே போய் இறங்கும்போது இங்கே விதைப்புத் தொடங்கியிருக்கும். ஆகவே முதல் வருடம் பழைய செய்மதிப் படங்களும் இலக்கிய மீளாய்வும், அடுத்த புரட்டாதியில் அடித்தரை அளவீடு, அதைத் தொடர்ந்து வருகிற காலபோகமும் சிறுபோகமும் களம், மூன்றாம் வருடம் எழுத்து. மழை பொய்த்தால் ஒரு போகம் போகும். அதற்கு அட்டவணையில் இடம் விடாதவரின் திட்டம் இரண்டாம் வருடத்தில் உடையும்.

தரவு யாரிடம் என்பதையும் பெயர் சொல்லி எழுதவேண்டும். 80 ஹெக்ரயருக்கு மேற்பட்ட வயலுக்கு நீர் கொடுக்கிற குளங்கள் நீர்ப்பாசனத் திணைக்களங்களின் பொறுப்பு; அதற்குக் குறைந்தவை கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் கீழ். தரவு தர உடன்படுகிறோம் என்று அலுவலகம் ஒன்றிடம் இருந்து ஒரு பக்கக் கடிதம் எடுத்து இணைத்தால் அந்த முன்மொழிவுக்கு வருகிற பலம் தனி. ஐந்து பக்க அறிமுகத்தை விட அந்த ஒரு தாள் பெறுமதியானது.

இந்த மண்ணுக்கே உரிய வேறு தடைகளும் உண்டு. வனப்பகுதியிலும் சரணாலயத்திலும் மாதிரி எடுக்க வனவளத் திணைக்களம், வனசீவராசிகள் திணைக்களம் இரண்டின் அனுமதியும் வேண்டிவரலாம். மண், தாவர மாதிரியை வெளிநாட்டு ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோவதற்குத் தனி அனுமதி. கண்ணிவெடி அகற்றி முடியாத இடம் களமாக வருமானால் முன்மொழிவிலேயே அந்த இடங்களைத் தவிர்த்துக் காட்டவேண்டும். மனிதரைச் செவ்வி காண்கிற ஆய்வு என்றால் ஒழுக்கவியல் குழுவின் அனுமதி. போரில் உறவுகளை இழந்தவர்களைப் பேட்டி காண்பதானால் அந்தக் குழு கேட்கிற கேள்விகளும் கூடும். பேட்டியின்போது ஒருவர் உடைந்துபோனால் யாரிடம் அனுப்புவீர்கள் என்பதற்கு ஆயத்தமான பதில் இருக்கவேண்டும்.

கட்டுரைகளில் எங்களைப் பற்றி

நோக்கக் கடிதத்தில் போர் முடிந்த 2009 ஐப் பற்றி எவ்வளவு எழுதுவது? என் கருத்து, படிப்பில் இடைவெளி இருந்தால் அதை விளக்குகிற அளவுக்கு. எந்த வருடம் பாடசாலை நின்றது, எங்கே இருந்தீர்கள், எந்த வருடம் திரும்பப் பரீட்சை எழுதினீர்கள் என்று இரண்டு மூன்று வசனம். முழுப் பக்கத்தையும் துயரத்துக்குக் கொடுத்தால் என்ன ஆய்வு செய்யப்போகிறீர்கள் என்பதற்கு இடமில்லை. மதிப்பீட்டாளர் மனம் நொந்து, குறைந்த புள்ளியும் போடுவார். அவரிடம் உள்ள புள்ளித் தாளில் துயரத்துக்குப் பெட்டி இல்லை.

"என் சமூகத்துக்குச் சேவை செய்ய விரும்புகிறேன்" என்பதும் அப்படித்தான். எந்த அலுவலகத்தில், எந்தப் பதவியில், எந்த வேலையை மாற்றுவீர்கள் என்று எழுதுங்கள். அபிவிருத்தி உத்தியோகத்தராக இருக்கிறவர் தன் பிரதேச செயலகத்தில் எந்தத் தரவு எடுக்கப்படுவதில்லை என்று சொன்னாலே அது பத்துச் சேவை வசனத்துக்குச் சமன்.

செயற்கை நுண்ணறிவில் எழுதி ஒட்டுகிற கட்டுரைகள் இப்போது குவிகின்றன, எல்லாம் ஒரே குரலில். இலக்கணம் திருத்தப் பயன்படுத்தலாமா என்பதற்குக்கூட ஒவ்வொரு திட்டத்துக்கும் விதி உண்டு, வாசித்துவிட்டுத் தொடுங்கள்.

பரிந்துரைக் கடிதம்

இரண்டு அல்லது மூன்று பேர். ஆய்வை மேற்பார்வை செய்த விரிவுரையாளர் முதலில். துறைத் தலைவர் என்பதற்காக உங்களைத் தெரியாத பேராசிரியரிடம் போனால் "இவர் ஒழுக்கமானவர், கடின உழைப்பாளி" என்று ஒரு பந்தி வரும். அது வராததற்குச் சமம். சேர் அல்லது மிஸ் "நீரே எழுதிக்கொண்டு வாரும், கையொப்பம் வைக்கிறன்" என்று சொல்வது இங்கே நடக்கிறதுதான். அந்த வழியில் போகவேண்டாம். இரண்டு கடிதமும் ஒரே நடையில் இருந்தால் வாசிக்கிறவருக்கு உடனே தெரியும். அதற்குப் பதிலாக ஒரு பக்கக் குறிப்பு கொடுங்கள்: அவருடைய எந்தப் பாடத்தில் என்ன புள்ளி, ஆய்வில் எந்தக் கருவியை நீங்களே இயக்கினீர்கள், எங்கே தடுமாறி எப்படிச் சரிசெய்தீர்கள், திட்டம் என்ன அளவுகோலில் புள்ளி போடுகிறது, முடிவுத் திகதி எது. எழுதுவது அவருக்கும் இலேசாகிவிடும்.

ஆறு கிழமை முன்னர் கேளுங்கள். பல தளங்கள் பரிந்துரையாளருக்கு நேரே இணைப்பு அனுப்பும். அது அவருடைய வேண்டாத மடல் பெட்டிக்குள் போய்க் கிடக்கும். நீங்கள் பெயரைப் பதிவுசெய்த அன்றே "சேர், மடல் வந்ததா?" என்று ஒரு தொலைபேசி அழைப்பு. ஜிமெயில் முகவரியை விடப் பல்கலைக்கழக முகவரியைக் கொடுங்கள். சில தளங்கள் தனிப்பட்ட முகவரியை ஏற்பதே இல்லை. பல்கலைக்கழகப் பகிஷ்கரிப்புக் காலத்தில் விரிவுரையாளர்கள் அலுவலக மடலைத் திறக்காமல் இருப்பதும் உண்டு, கைத்தொலைபேசி இலக்கம் முன்பே வாங்கி வைக்கவேண்டும்.

வெளியீடு இல்லையே என்று கவலைப்படுகிறவர்கள், பணம் வாங்கிக்கொண்டு ஒரு கிழமையில் அச்சேற்றுகிற சஞ்சிகைகளிடம் போய்விடாதீர்கள். அது சுயவிபரத்தில் இருப்பது இல்லாததை விடக் கெடுதல். இறுதியாண்டு ஆய்வை மேற்பார்வையாளரோடு சேர்ந்து யாழ்ப்பாண விஞ்ஞானச் சங்கத்தின் வருடாந்த அமர்விலோ பல்கலைக்கழக ஆய்வு மாநாட்டிலோ சுருக்கமாகக் கொடுப்பது நேர்மையான முதற்படி.

அரச வேலையில் இருக்கிறவர்கள் ஒரு விடயத்தை முன்கூட்டியே பார்க்கவேண்டும். தாபன விதிக்கோவைப்படி வெளிநாட்டுக் கல்வி விடுமுறைக்குத் திணைக்களத் தலைவரில் தொடங்கி மேலே போகவேண்டும், மாகாண சபை ஊழியருக்கு மாகாண மட்டத்தில். திரும்பிவந்து இத்தனை வருடம் வேலை செய்வேன் என்ற பிணையும் பிணையாளிகளும் உண்டு. சில திட்டங்கள் விண்ணப்பத்திலேயே வேலைகொடுப்போரின் கையொப்பம் கேட்கும். அந்தக் கோப்பு மேசை மேசையாக நகர்வதற்கு மூன்று மாதம் வையுங்கள்.

கடைசி நாள்

பிரித்தானியத் திட்டங்கள் நண்பகலில் மூடினால் எங்களுக்குப் பின்னேரம் 5.30; அங்கே கோடைகால நேரம் நடைமுறையில் இருந்தால் 4.30. ஜேர்மனியில் குளிர்கால நள்ளிரவு எங்களுக்கு அடுத்த நாள் விடிய 4.30. யப்பானில் பின்னேரம் 5 மணி என்றால் இங்கே மதியம் 1.30. தளத்தில் எந்த நேர வலயம் என்று எழுதியிருப்பார்கள், அதை வாசிக்காமல் இலங்கை நேரம் என்று எடுத்து ஏமாறுவது நடக்கிறது. மழைக்காலத்தில் மின்சாரமும் தொலைபேசிக் கோபுரமும் ஒன்றாகப் போகும். மூன்று நாள் முன்னரே அனுப்பி, வந்து சேர்ந்த உறுதிப்படுத்தல் மடலைச் சேமித்து வையுங்கள்.

நேர்முகம் பெரும்பாலும் அரை மணித்தியாலம். துறை தெரியாதவருக்கு உங்கள் ஆய்வை இரண்டு நிமிடத்தில் சொல்லச் சொல்வார்கள். தரவு கிடைக்காவிட்டால் என்ன செய்வீர்கள், ஏன் அந்தப் பல்கலைக்கழகம், அங்கே மூன்று பாடம் சொல்லுங்கள், திரும்பி வந்து எங்கே வேலை. முன்மொழிவில் எழுதிய ஒவ்வொரு சொல்லிலும் கேள்வி வரலாம். விளங்காத புள்ளிவிபர முறை ஒன்றின் பெயரை அழகுக்காகப் போட்டிருந்தால் அங்கேதான் பிடிபடும். கொழும்பில் நேரில் என்றால் அன்று விடியப் புறப்படுகிற ரயிலை நம்பாமல் முதல் நாளே போய் நிற்கவேண்டும். இணையவழி என்றால் மின்பிறப்பாக்கி உள்ள இடம், இரண்டு நிறுவனத்தின் டேட்டா அட்டை.

புலமைப்பரிசில் எடுத்துத் தருகிறோம் என்று காசு கேட்கிற முகவர்களிடம் போகவேண்டாம். மேலே சொன்ன எந்தத் திட்டத்துக்கும் முகவர் தேவையில்லை.

கிடைத்தபின் பிரித்தானியாவுக்கு ஆறு மாதத்துக்கு மேல் போகிறவருக்குக் காசநோய்ப் பரிசோதனைச் சான்றிதழ் வேண்டும், அது கொழும்பில் ஐ.ஓ.எம். (புலம்பெயர்வுக்கான சர்வதேச அமைப்பு) நிலையத்தில். காத்திருப்புப் பட்டியலில் போட்டிருந்தால் "விருப்பம் இன்னும் உண்டா" என்று கேட்டு வருகிற மடலுக்கு ஓரிரு நாளில் பதில் எழுதவேண்டும். முதற் பட்டியலில் ஒருவர் விலகினால் அடுத்த பெயருக்குப் போவார்கள். நிராகரித்தால் சில திட்டங்கள் கேட்டால் புள்ளி விபரம் தரும், கேளுங்கள். பரிந்துரை எழுதியவர்களுக்கும் முடிவைச் சொல்லிவிடுங்கள், அடுத்த வருடமும் அவர்களிடம்தான் போகவேண்டும்.